முனகாத கம்ப்யூட்டர்

அழாத பொண்டாட்டியைப் பார்த்து கருமத்தம்பட்டியே கொஞ்சம் மிரண்டு போயிருந்தது.

புருஷன் ஆற்றோடு போய்விட்டான் என்று சேதி வந்த நாளிலிருந்து அன்புச்செல்வியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துப் பார்த்தார்கள். "அழுதுபோடு கண்ணு, உள்ளுக்குள்ளயே வெச்சிருக்காதே" என்று முதுகைத் தடவினார்கள். ஒருத்தி யாருக்கும் தெரியாமல் தொடையில் கிள்ளிக்கூடப் பார்த்தாள். கிள்ளிய இடம் கன்றிப்போனதுதான் மிச்சம். அடப் போங்கம்மா, கேட்டவுடனே திறந்துவிட அதென்ன தெருக்குழாயா?

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. உள்ளே ஏதோ நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். காலையில் எழுந்தாள், வாசல் தெளித்தாள், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். முதல்நாள் கொடுத்த காபியில் சர்க்கரையே போடவில்லை என்று மறுநாள்தான் யாரோ சொன்னார்கள். சரிங்க என்றாள். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். புருஷன் கதிரேசன் மாடி அறையில் கம்ப்யூட்டரில் பெட்ஷீட்டுக்கு பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தான். கரண்ட் போனது. ஊரிலிருந்த தறிகளெல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வரவில்லை. ரெண்டு நாள் கழித்து அந்த வண்டி சத்தியமங்கலத்தில் பவானிக் கரையோரம் சாவி தொங்க நின்றது. ஆற்றில் வெள்ளம். உடம்பு கிடைக்கவில்லை.

"கெடைக்காததுக்கு எத்தன நாளைக்குக் காத்துக் கெடக்கறது?" என்று மாமனார் தம்பிதுரை சொல்லிவிட்டார். நாளைக் காலையில் காரியம். அவருடைய அக்கா பழனாத்தாள், புருஷனை இழந்தவள், அன்புச்செல்வியின் கழுத்திலிருந்து தாலியை வாங்குவாள். வெள்ளைச் சேலை எடுத்து பீரோவில் வைத்தாயிற்று. வாசலில் காளிச்சாமி ஆட்களோடு வந்து பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளைச் சேலைக்கு அன்புச்செல்வி பயப்படவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் செத்தானா, இல்லையா? அதைத் திட்டமாக யாராவது சொல்லிவிட்டால் போதும். தெரியாத ஒன்றுக்கு எப்படி அழுவது? அதனால்தான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், தோழி ஒருத்தி கொடுத்திருந்த கோயமுத்தூர் நம்பருக்குப் போன் போட்டாள். "எங்க ஊட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றாள்.

அந்தப் போனுக்குப் பதிலாக இன்று மத்தியானம் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவர் பத்மாவதி. ஆர்.எஸ்.புரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது துப்பறிகிறார். ஐம்பது வயது, காட்டன் சேலை, தோளில் பை. பார்த்தால் எல்.ஐ.சி. ஏஜெண்டு என்றுதான் நினைப்பார்கள், கொஞ்சம் எட்டத்தில் வருவதைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். பின்னால் வந்தவன் அவருடைய உதவியாளன் மைதீன் பிச்சை. கிராஸ்கட் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஆள் ஒல்லி, வாய் அகலம்.

"ஏனுங்க, இவங்கதான் போலீஸை விடப் பெரிய ஆளுங்களா?" என்று கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே கேட்டார் தம்பிதுரை.

"போலீஸை விட ஒல்லியான ஆளுங்க ஐயா" என்றான் மைதீன். "அதனால சந்து பொந்துல எல்லாம் நுழைஞ்சிருவமுங்க."

கதிரேசனின் அறையைப் பார்க்கவேண்டும் என்றார் பத்மாவதி. கூடத்தில் பங்காளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் முடியாது என்று சொல்லத் தம்பிதுரைக்கு மனசில்லை. வண்டி கிடைத்த அன்று சாயங்காலமே மாடி அறையைப் பூட்டி, சாவியை ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். இப்போது அதை அவிழ்த்து மெதுவாக நீட்டினார்.

"மேல ஒரு சோலியும் இல்லீங்க. ஒரு டப்பா இருக்குது. அதுக்குள்ள இருந்ததெல்லாம் கரண்ட் போனதுல அழிஞ்சிருக்கும். பாத்துட்டு வாங்க" என்றார்.

பத்மாவதி சாவியை வாங்கிக்கொண்டு அன்புச்செல்வியைப் பார்த்தார். "நீயும் வா அம்மணி."

கூடத்தின் மூலையிலிருந்துதான் மாடிப்படி. வேறு வழி கிடையாது. படியேறும்போது அன்புச்செல்வி தன் கால்களைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். யாருடைய கால்களோ ஏறுவதுபோல இருந்தது. பூட்டைத் திறந்ததும் அவனுடைய தலைக்கு வைக்கும் எண்ணெய் வாசம் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த வாசத்துக்கே அவள் உடைந்து உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு, வாசம் வருகிறது என்று மட்டும் தெரிந்தது.

மைதீன் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டி, கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்ததுமே அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அட, இது விண்டோஸ் இல்லீங்க மேடம்! லினக்ஸு. பத்திரிகையோட இனாமா சி.டி. குடுக்கறாங்கல்ல, அதுலிருந்து ஏத்தியிருக்காரு. கோயமுத்தூர் ஜில்லாவுல இதை ஊட்டுல வெச்சிருக்கறவங்களை விரல் விட்டு எண்ணிரலாம். அதுல ஒரு விரல் நானு."

"மத்த விரலெல்லாம்?"

"பொண்டாட்டிக்குப் பயந்து மடக்கி வெச்சிருக்காங்க."

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இந்த ஆள் தன்னைப் பார்த்து உச்சுக்கொட்டவில்லை என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இத்தனை நாளாக எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"பாஸ்வேர்டு கேக்குமே?" என்றார் பத்மாவதி.

"முன்வாசல்ல போனாத்தானுங்க கேக்கும். ஓட்டைப் பிரிச்சு இறங்க ஒரு வழி இருக்குது." மிஷின் எழும்பி நிற்கிற நேரத்தில் மைதீன் ஒரு சின்ன வார்த்தையைத் தட்டினான். எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின. பாஸ்வேர்டு கேட்காமலேயே உள்ளே விட்டது. கதிரேசனின் பாஸ்வேர்டை மாற்றி வைத்துவிட்டு, படம் போட்ட திரையைக் கொண்டுவந்தான். திரை வந்தது. மவுஸை இழுத்தால் அம்பு மட்டும் நகரமாட்டேன் என்றது.

"ஓஹோ, இதுக்கும் துக்கமா?" என்று மவுஸைத் திருப்பி மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த உருண்டை கையில் விழுந்தது. அதைச் சுற்றிப் பஞ்சு. "தறி ஊர்ல எலி வளர்த்தா மெத்தை போட்டுத்தான் படுக்கும்போல" என்று ஊதித் துடைத்து மாட்டினான். அம்பு ஓடியது.

கதிரேசனின் பெயரிட்ட ஃபோல்டரைத் திரையில் திறந்தான். காலி. அடுத்ததைத் திறந்தான். அதுவும் காலி. வழித்துப் போட்டதுபோல இருந்தது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று மிஷின் தானாக எழுதிவைக்கிற இடத்தைப் பார்த்தான். அங்கேயும் ஒன்றுமில்லை.

"சுத்தமுங்க மேடம். ஒரு டிசைன் இல்லை, ஒரு பேர் இல்லை."

அவ்வளவுதான் என்று அன்புச்செல்வி நினைத்தாள். மாமா சொன்னது சரிதான். கரண்ட் போனது, எல்லாம் அழிந்தது, அவனும் அழிந்தான். நாளைக்குக் காரியம். அவளுக்கு ஏமாற்றம்கூட வரவில்லை. கொஞ்சம் தூக்கம்தான் வந்தது.

பத்மாவதி மட்டும் கிளம்பவில்லை. ஜன்னலோரமாக நின்று, கீழே பந்தலுக்குக் கீற்று ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "மைதீனு, போன மாசம் உன்ற கடையில கரண்ட் போனப்போ உன்ற லினக்ஸு மிஷினு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"அதை ஏனுங்க கேக்கறீங்க? ஒரு பாடு முனகித் தள்ளிருச்சு. இதுக்குச் சொல்லாமக்கொள்ளாம கரண்டைப் புடுங்குனா ஆகாதுங்க. ஒழுங்கா, நான் போறேன் நீ தூங்குன்னு சொல்லிட்டுத்தான் மூடோணும். இல்லைன்னா அடுத்த தடவை போட்டதும், 'போன தடவை என்னைச் சரியா மூடாமப் போயிட்டே'ன்னு ஸ்கிரீன்ல எழுதி, டிஸ்க்கு முழுக்கப் பரிசோதனை பண்ணிட்டுத்தான் உள்ளயே விடும். டீ குடிச்சுட்டு, பேப்பர் படிச்சுட்டு வரலாமுங்க. என்ற சம்சாரம்கூட இத்தனை சடைச்சுக்க மாட்டா."

"இப்ப நீ போட்டதும் அப்படி ஏதாச்சும் முனகுச்சா?"

மைதீன் வாயைத் திறந்தான். மூடினான். அந்த வாய் மூடி அன்புச்செல்வி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இல்லீங்க" என்றான் கடைசியில். "நல்லபடியா எந்திரிச்சுது. எல்லாம் சுத்தமா இருக்குதுன்னு எழுதிட்டு, நேரா உள்ள விட்டுது."

"அம்மணி, இங்க வா." பத்மாவதி அவளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தார். "அன்னிக்குக் கரண்ட் போனப்போ நீ எங்க இருந்தே?"

"இங்கதானுங்க. அவருக்கு டீ கொண்டாந்து நின்னேன். மயிலு போட்ட பார்டரு, ஸ்கிரீன்ல பச்சையா இருந்துச்சு. அப்பத்தான் பொசுக்குனு போயிருச்சு."

"அவரு மிஷினை மூடலையே? நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

"மூட எங்கீங்க நேரம்? அதுவே அணைஞ்சுபோச்சு. அவரு கெரகம்னு சலிச்சுக்கிட்டு சட்டையை மாட்டுனாரு. நான்தான் சுவத்துல சுவிட்சை அமத்துனேன்."

"எதுக்கு?"

இது என்ன கேள்வி என்பதுபோல அன்புச்செல்வி பார்த்தாள். "கரண்ட் போனா சுவிட்சை அமத்தோணுமல்லங்க? திரும்ப வாரப்போ வேகமா வந்து தறி மோட்டாரு பொகைஞ்சுபோகும். சின்னப்புள்ளையில இருந்து கைப்பழக்கமுங்க. எதுல கரண்ட் போனாலும் கை தானாப் போயிருமுங்க."

"அப்புறம் அதை யாராவது போட்டாங்களா?"

"ஆருங்க போடறது? இந்த மிஷினு அவருக்கு மட்டும்தான் தெரியும். மாமா ரூமைப் பூட்டற வரைக்கும் நான் இங்கயேதான் படுத்திருந்தேன். ஆரும் வரலீங்க."

பத்மாவதி மெதுவாகச் சொன்னார். "அப்போ கேளு. இந்த மிஷினு கடைசியா உன் கண்ணு முன்னால அடிபட்டு விழுந்துச்சு. இன்னிக்கு நாங்க எழுப்புனா, அடியும் படாம, நல்லாத் தூங்கி எந்திரிச்சமாதிரி எந்திரிக்குது. நடுவுல யாரோ வந்து இதைப் போட்டிருக்காங்க. முனகி முடிக்கற வரைக்கும் பொறுமையா உக்காந்திருக்காங்க. உள்ள இருந்ததை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை அழிச்சு, வந்துபோன தடத்தையும் அழிச்சிருக்காங்க. எல்லாம் முடிச்சு, கடைசியில இதை முறைப்படி மூடிட்டுப் போயிருக்காங்க."

"மிஷினை மூடாம சுவிட்சை மட்டும் அமத்திட்டுப் போயிருந்தா நமக்கு ஒரு மண்ணும் தெரிஞ்சிருக்காதுங்க" என்று மைதீன் உற்சாகத்தில் நாற்காலியைத் திருப்பினான். "இன்னிக்கும் முனகியிருக்கும், கரண்ட்டு போன கணக்குல எழுதிட்டுப் போயிருப்போம். லினக்ஸு பழகுன கைக்கு அது முடியாதுங்க. எத்தனை திருட்டுத்தனமா வந்திருந்தாலும் கை கேக்காது. இந்த ஊட்டுல அந்தக் கை அவரோடது ஒண்ணுதானுங்க. பாருங்களேன், பொண்டாட்டிகிட்டச் சொல்லாமப் போன மனுசன், மிஷின்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காரு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பத்மாவதி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

அன்புச்செல்வி அசையவில்லை. அந்தச் சொல் போய் எங்கே பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் பட்டது. இத்தனை நாளாக எதுவும் படாத இடத்தில் போய்ப் பட்டது.

"அப்ப அவரு இருக்காரு" என்றாள்.

"இருக்காரு" என்றார் பத்மாவதி. "இங்க வந்துட்டும் போயிருக்காரு. பூட்டின ரூமுக்குள்ள."

மூன்று பேரும் சாவியைப் பார்த்தார்கள். அது மேஜை மேல் கிடந்தது. அதில் முடிந்திருந்த கயிற்றில் இன்னும் தம்பிதுரை இடுப்பில் முடிந்த மடிப்பு இருந்தது.

"இந்த எழவு ஊட்டுல எந்நேரமும் கூட்டம். கூடத்தைத் தாண்டித்தான் மாடிக்கு வரோணும். யாரும் பாக்காம ஒருத்தர் வந்துபோக முடியுமா?" என்று பத்மாவதி கேட்டார். "ஊடு காலியா இருந்த நாளு ஏதாச்சும் உண்டா அம்மணி?"

அன்புச்செல்வி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதில் தயாராக வாசலில் வந்து நின்றது. அதை உள்ளே விடத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒரு நாளுங்க" என்றாள். "மாமா எல்லாத்தையும் ஆனைமலைக்கு அனுப்பிச்சாரு. மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வாங்க, ஆத்தோட போனவனை அவ காட்டிக்குடுப்பான்னு சொன்னாரு. வேன் வெச்சு ஊடே போனோம். பழனாத்தா அத்தை, பங்காளிங்க, அக்கம்பக்கம் அத்தனை பேரும். நான்தான் அரைச்சேன். ராத்திரி வரைக்கும் கை எரிஞ்சுது."

"உன்ற மாமா?"

"முட்டி வலிக்குதுன்னு வரலீங்க."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து ஷெட்டின் தறிகள் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தன. அன்புச்செல்வி எழுந்தாள். பத்மாவதி சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள். இந்தத் தடவை அவளுடைய கால்கள் அவளுடையதாகவே இருந்தன.

கூடத்தில் பங்காளிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். தம்பிதுரை மட்டும் கட்டிலில் கிடந்தார். மூன்று பேரும் வந்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"பாத்தாச்சுங்களா? நான்தான் சொன்னேனே, ஒண்ணும் இருக்காதுன்னு."

"சொன்னீங்க" என்றார் பத்மாவதி. "பூட்டைத் திறக்கறதுக்கு முன்னாலயே சொன்னீங்க. கம்ப்யூட்டரைத் தொட்டே பாக்காத நீங்க, உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு எப்படிங்க கண்டீங்க?"

"கரண்ட் போனா அழிஞ்சிருமல்லங்க?"

"அழியாதுங்க ஐயா" என்றான் மைதீன். "சித்தெ முனகும், அவ்வளவுதான். அழிச்சாத்தான் அழியும். அழிச்சவரு பக்கத்துல நீங்க நின்னிருக்கீங்க. ஆனைமலையில அம்மனுக்கு அரைச்ச மொளகா வீண் போகலைங்க. காரம்தான் கொஞ்சம் தாமதமா ஏறுது, அதுவும் உங்களுக்கு."

தம்பிதுரை கோபமாக எழப் பார்த்தார். எழவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தார். அங்கே கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் அவரை உடைத்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பார்.

"எங்கீங்க மாமா இருக்காரு?" என்றாள் அன்புச்செல்வி.

"பெங்களூருல."

"தனியாவுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனானல்ல, அங்க ஒரு புள்ள. போனவன் சத்தி பஸ் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்திப்போட்டு, பஸ் ஏறி, பெங்களூரு போய் எறங்குனதும் எனக்குப் போன் போட்டான். வண்டியை எடுத்துக்கங்க, நான் வரமாட்டேன்னான். போய் எடுத்தேன். எடுத்துட்டு ஊருக்கு வாரப்போ ஆத்துப் பாலத்துக்கிட்ட வந்துச்சு அந்த ரோசனை. வெள்ளம் போய்க்கிட்டிருந்துச்சு. கரையில நிறுத்திப்போட்டு பஸ்ஸுல வந்துபோட்டேன்."

"எதுக்குங்க?"

"எதுக்கா?" தம்பிதுரையின் குரல் உடைந்து ஏறியது. "செத்துப்போனான்னா ஊரு வந்து துக்கம் கேக்கும். ஓடிப்போனான்னா ஊரு கூடிச் சிரிக்கும் புள்ள! உனக்கோசரமும்தான் செஞ்சேன். புருசன் செத்தவளைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க. புருசன் உட்டுட்டுப் போனவளை ஆரு மதிப்பாங்க? இன்னும் ஒரு நாளு. காரியம் முடிஞ்சா எல்லாம் அடங்கிரும். நீ இந்த ஊட்டு மகளாட்ட இருந்துக்கலாம். ஒருத்தரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. இவங்ககிட்டயும் சொல்லிப்போடு, வாயைத் திறக்க வேண்டாம்னு."

கேஸ் முடிந்தது, இனி சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பதுபோல பத்மாவதி ஒதுங்கி நின்றார்.

"டிசைனு எடுக்க வந்தப்போ" என்றாள் அன்புச்செல்வி. தண்ணீர் குடிக்கவேண்டும்போல இருந்தது. பல நாளில் அவளுக்கு வேண்டும் என்று தோன்றிய முதல் விஷயம் அதுதான். "வந்தப்போ, என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாருங்களா?"

தம்பிதுரை பொய் சொல்லியிருக்கலாம். மகன் செத்தான் என்று ஊருக்கே சொன்ன வாய்க்கு அது ஒரு பாரமா? ஆனால் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அவரு இருக்கறாருன்னு தெரிஞ்சேதான் என்னைய மொளகா அரைக்க அனுப்புனீங்களா?"

அதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்புச்செல்வி திரும்பி வாசலுக்குப் போனாள். "ஏ புள்ள, நில்லு!" என்று பின்னால் அவர் கத்துவது கேட்டது. நிற்கவில்லை. வாசலில் பந்தல் பாதி மூடியிருந்தது. ஒரு பக்கம் பங்காளிகள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பழனாத்தாளும் நாலைந்து பெண்களும் நாளைக்குக் காய் அரிந்துகொண்டிருந்தார்கள். ஏணி மேலே காளிச்சாமி கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அத்தனை பேரும் வழக்கமான அந்த இரக்கப் பார்வையை முகத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"காளிச்சாமியண்ணா, கட்டாதீங்க" என்றாள் அன்புச்செல்வி.

"ஏனுங்க அம்மணி?"

"எங்க ஊட்டுக்காரரு சாகலீங்க. உசுரோட பெங்களூருல இருக்காரு. வேற ஒருத்திகூட இருக்காரு. என்னைய வேண்டாம்னு உட்டுட்டுப் போயிருக்காரு. மாமாதான் செத்தாருன்னு சொன்னாரு. பிரிச்சுப்போடுங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நடுவில் குரல் எங்கும் நடுங்கவில்லை. சாப்பிட்டவர்களின் கை இலையிலேயே நின்றது. வாசற்படிக்கு வந்துவிட்ட தம்பிதுரை, நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஊர் சிரிக்கப்போகிறது என்று அவர் காத்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பழனாத்தாள் அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் நேராகத் தம்பியிடம் வந்தாள்.

"நெசமாடா?"

தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

"நெசமாடான்னு கேக்கறேன்! உசுரோட இருக்கறவன் கட்டுன தாலியை, நாளைக்கு என்ற கையால வாங்க வெச்சிருப்பயாடா? உன்ற மானத்துக்கு என்ற கைதான் கெடைச்சுதா?" கிழவி ஓங்கிய கையை ஓங்கியபடியே வைத்திருந்தாள். அடிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "தூ" என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வியின் பக்கம் வந்து நின்றாள்.

பங்காளிகள் ஒவ்வொருவராக இலையை மடித்தார்கள். யாரும் அன்புச்செல்வியைப் பார்க்கவில்லை. எல்லாருடைய பார்வையும் நிலைப்படியில் நின்ற மனிதர் மேல்தான் இருந்தது. காளிச்சாமி ஏணியிலிருந்து, "பிரிச்சிரட்டுங்களா?" என்று கேட்டான். அவனுக்கு அவன் சோலி.

"பிரிங்க" என்றாள் அன்புச்செல்வி.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கதிரேசன் மேல், மாமா மேல், அவளைக் கிள்ளியவள் மேல், ஏன் தன் மேலேயேகூட வந்தது. உடம்பெல்லாம் சூடாகி, காது அடைக்க வந்தது. அட, எனக்கு இன்னும் கோபம் வருகிறதே என்று நினைத்தாள். அதை யாருக்காகவும் அவள் அடக்கப்போவதில்லை.

கீற்று ஒன்றொன்றாகக் கீழே விழத் தொடங்கியது. மைதீன் பிச்சை பேசாமல் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.